படம் பார்க்கையில் நாம் யார் பக்கம்?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்து செல்லும் நேரத்தில் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஃபாதர், இந்தப் படத்தைப் பிள்ளைங்களோட உட்கார்ந்து பாக்கலாமா? அந்த சீரியலைப் பாக்க விடலாமா?" பார்க்கலாம், கூடாது என்று ஒரே சொல்லில் பதில் வரும் என எதிர்பார்க்கிறார்கள், மருத்துவர் எழுதித் தரும் மருந்துச் சீட்டு போல.

ஒரு காலத்தில் திருஅவையும் பெரும்பாலும் அப்படித்தான் பதில் சொன்னது. 1936ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், புனித பேதுரு பவுல் பெருவிழா அன்று, திருத்தந்தை பதினோராம் பயஸ் திரைப்படங்களைப் பற்றித் தனியாக ஒரு சுற்றுமடல் எழுதினார். தீய படங்களைப் பார்ப்பதில்லை என்று விசுவாசிகள் ஆண்டுதோறும் வாக்குறுதி எடுக்க வேண்டும், எந்தப் படம் நல்லது, எது கெட்டது என்ற பட்டியலை மக்களுக்குத் தர வேண்டும் என்றெல்லாம் அதில் கேட்டுக்கொண்டார். அதே மடலில், நல்ல படம் மனிதரை உயர்த்தும் ஆற்றல் உடையது என்பதையும் அவர் மறுக்கவில்லை.

பின்னர் 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய விதித்தொகுப்பை வெளியிட்டது. அங்கே அழுத்தம் சற்று இடம் மாறியது. படம் எடுப்பவருக்கு உள்ள பொறுப்பு பார்ப்பவருக்கும் உண்டு, பார்ப்பவரைப் பயிற்றுவிக்க வேண்டும் என்றது சங்கம். 1995இல், சினிமாவின் நூற்றாண்டை ஒட்டி, வத்திக்கான் 45 படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் நம் நாட்டு மகாத்மாவைப் பற்றிய 'காந்தி' படமும் இருந்தது. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் குடும்ப அன்பைப் பற்றி எழுதிய ஏட்டில், 'பாபெட்டின் விருந்து' என்ற டென்மார்க் நாட்டுப் படத்தைக் குறிப்பிட்டே ஒரு கருத்தை விளக்கினார்.

ஆகவே, 'இந்தப் படத்தைப் பார்க்கலாமா?' என்ற கேள்வியோடு நின்றுவிடக் கூடாது. 'எப்படிப் பார்க்கிறோம்?' என்ற கேள்வியும் உண்டு. 2023ஆம் ஆண்டில் அந்தக் கேள்வி நம் ஊர் வாசலுக்கே வந்து நின்றது.

நம் ஊரைத் தொட்ட படம்

2023 ஜூன் 29 அன்று 'மாமன்னன்' திரைப்படம் வெளியானது. இயக்கியவர் மாரி செல்வராஜ். வடிவேலு, உதயநிதி ஸ்டாலின், கீர்த்தி சுரேஷ், ஃபகத் ஃபாசில் நடித்திருந்தார்கள். கதை நடப்பது சேலம் பகுதியில். மாமன்னன் என்ற சட்டமன்ற உறுப்பினரின் தொகுதிக்குப் படத்தில் 'காசிபுரம்' என்று பெயர். அது தனித் தொகுதி. முதல் எழுத்தை மாற்றிப் பாருங்கள், எந்த ஊர் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நம் இராசிபுரம் தனித் தொகுதியிலிருந்து 2011இல் தேர்வாகி, 2012 முதல் 2021 வரை சட்டப் பேரவைத் தலைவராக இருந்த ப. தனபால் அவர்களின் வாழ்வோடு பலரும் இந்தக் கதையை ஒப்பிட்டுப் பேசினார்கள். படத்தின் அரசியல் எந்தக் கட்சிக்குச் சாதகம் என்பது இந்த மறையுரைக்கு வேண்டாத பேச்சு. படம் காட்டும் ஒரு பொருளை மட்டும் பார்ப்போம்: அது நாற்காலி.

மாமன்னன் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி. ஆனாலும், அதே கட்சியைச் சேர்ந்த ரத்தினவேல் என்ற ஆதிக்கச் சாதித் தலைவரின் முன்னால் அவர் உட்காருவதில்லை. நின்றே பேசுகிறார். நிற்கச் சொல்லி ஒருவரும் கட்டளை இடவில்லை, காலங்காலமாக அப்படியே பழகிப்போன உடம்பு அது. மகன் அதிவீரன் இதைக் கண்டு கொதிக்கிறான், அப்பாவை உட்காரச் சொல்கிறான். அந்த ஒரு நாற்காலியில்தான் மோதல் வெடிக்கிறது. அதற்குப் பின்னால் ஆறாத காயம் ஒன்றும் இருக்கிறது. சிறுவனாக இருந்தபோது, கோயில் கிணற்றில் இறங்கிக் குளித்த குற்றத்துக்காக அதிவீரனும் நண்பர்களும் கல்லால் அடிக்கப்படுகிறார்கள். நண்பர்கள் மாண்டுபோக, அவன் மட்டும் பிழைக்கிறான். அப்பாவால் நீதி வாங்கித் தர முடியவில்லை. இறுதியில் மாமன்னன் பேரவைத் தலைவர் ஆகிறார். நின்றுகொண்டே இருந்தவருக்கு அவையிலேயே உயர்ந்த இருக்கை கிடைக்கிறது.

ரத்தினவேலோ, பந்தயத்தில் தோற்ற தன் சொந்த நாயையே அடித்துக் கொல்கிறவன். தோல்வியை அவனால் தாங்க முடியாது, தனக்குச் சமமாக இன்னொருவர் உட்காருவதையும் தாங்க முடியாது. இவன் தவறானவன் என்பதைப் படம் ஒளிக்கவே இல்லை.

இப்போது கவனியுங்கள். ஜூலை 27 அன்று படம் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. சில நாட்களில் சமூக வலைத்தளங்கள் எங்கும் ரத்தினவேல்தான். அவன் நடந்து வரும் காட்சி, மீசை, பார்வை, கார் என்று வெட்டி எடுத்து, சாதிப் பெருமை பேசும் பாட்டுகளை ஒட்டி, 'எங்கள் தலைவன்' என்று இளைஞர்கள் பரப்பினார்கள். வேறு வேறு சாதிக்காரர்கள் தத்தம் பாட்டை அவனுக்கு ஒட்டிக்கொண்டார்கள். வில்லனாகப் படைக்கப்பட்டவன் சில நாட்களில் கதாநாயகன் ஆகிவிட்டான்.

தாவீது கேட்ட கதை

திருவிவிலியத்தில் ஒரு கதைசொல்லி இருக்கிறார். அவர் இறைவாக்கினர் நாத்தான். தாவீது அரசர் உரியாவின் மனைவியை அபகரித்து, உரியாவையும் போரில் சாகவிட்ட பின், ஆண்டவர் நாத்தானை அவரிடம் அனுப்புகிறார் (2 சாமுவேல் 12). நாத்தான் நேரடியாகக் குற்றம் சாட்டவில்லை, ஒரு கதை சொன்னார். ஊரில் ஒரு செல்வனும் ஒரு ஏழையும் இருந்தார்கள். செல்வனுக்கு ஏராளமான ஆடு மாடுகள். ஏழைக்கோ பிள்ளை போல வளர்த்த ஒரே ஓர் ஆட்டுக்குட்டி. விருந்தாளி வந்தபோது செல்வன் தன் மந்தையைத் தொடாமல், அந்த ஏழையின் குட்டியைப் பிடித்து விருந்து சமைத்தான்.

கதையைக் கேட்ட தாவீது கொதித்து எழுந்தார். அவன் சாக வேண்டியவன் என்று தீர்ப்புச் சொன்னார். அப்போதுதான் நாத்தான், அந்த மனிதர் நீரே என்று அரசரைச் சுட்டிக்காட்டினார். தாவீது தம் பாவத்தை ஏற்றுக்கொண்டார்.

இந்தக் கதை எப்படி வேலை செய்தது? தாவீது பாவம் செய்தவர்தான். ஆனாலும் கதைக்குள் வந்தபோது யார் பக்கம் நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆட்டுக்குட்டியை இழந்தவனுக்காக அவர் மனம் துடித்தது. அந்தத் துடிப்பு மிச்சம் இருந்ததால் மனந்திரும்ப வழி கிடைத்தது. ஒருவேளை தாவீது, 'அந்தச் செல்வனின் கம்பீரம் என்ன! விருந்து என்றால் இப்படி அல்லவா வைக்க வேண்டும்!' என்று சொல்லியிருந்தால் நாத்தான் என்ன செய்திருப்பார்? கதை அங்கேயே செத்திருக்கும். ரத்தினவேலைத் தலைவனாகக் கொண்டாடும் கைப்பேசிகளைப் பார்க்கும்போது எனக்கு வரும் கவலை இதுதான். பாவம் இருப்பதைக் காட்டிலும், பாவத்தைப் பாவம் என்று அடையாளம் காணும் உணர்வு மரத்துப்போவது பெரிய ஆபத்து.

கத்தரிக்கோல் செய்யும் வேலை

'நல்லா நடிச்சிருக்கார், அதை ரசிக்கக் கூடாதா?' என்று இளைஞர்கள் கேட்பது நியாயம். தாராளமாக ரசிக்கலாம். வில்லன் நடிப்பை ரசிப்பது நமக்குப் புதிதல்ல. சேலத்தில் டி. ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் எடுத்த 'மந்திரி குமாரி' படத்தில் ராஜகுருவாக வந்தவர் எம். என். நம்பியார். அதற்குப் பின் பல பத்தாண்டுகள் அவர் தமிழகத்தின் பெரிய வில்லன். திரையில் அவரைத் திட்டித் தீர்த்த மக்கள், நேர் வாழ்வில் அவர் ஆழ்ந்த பக்தர், சபரிமலைக்குப் பலரை அழைத்துச் சென்ற குருசாமி என்று அறிந்து மதித்தார்கள். நடிகர் வேறு, பாத்திரம் வேறு என்பது பாமர மக்களுக்கும் தெளிவாக இருந்தது. நம்பியாரின் நடிப்புக்குக் கைதட்டினார்கள், நம்பியாரின் பாத்திரம் போல வாழ வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

இன்று என்ன மாறிவிட்டது? அன்று படத்தை முழுதாகப் பார்த்தார்கள். வில்லன் செய்த கொடுமையும் அதற்கு அழுதவரின் கண்ணீரும் கடைசியில் வந்த தீர்ப்பும் ஒரே இருக்கையில் அமர்ந்து பார்த்தவை. இன்று கைப்பேசியில் வருவது அரை நிமிடத் துண்டு. அந்தத் துண்டைத் தயாரிக்கும் கத்தரிக்கோல் மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலில், பாதிக்கப்பட்டவரை வெட்டி எறிகிறது. கிணற்றடியில் செத்த பிள்ளைகள் அந்த அரை நிமிடத்தில் இல்லை. அடுத்து, விளைவை வெட்டி எறிகிறது. தோல்வியும் தீர்ப்பும் அதில் இல்லை. கடைசியாக, படத்தில் இல்லாத ஒரு பாட்டைக் கொண்டுவந்து ஒட்டுகிறது. மிஞ்சுவது மீசையும் நடையும் இசையும்தான். அதை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டால் கைப்பேசி அதே போல இன்னும் பத்துத் துண்டுகளைத் தேடிக் கொண்டுவந்து கொடுக்கிறது. பையன் படத்தையே பார்க்காமல் வில்லனுக்கு ரசிகன் ஆகிவிடுகிறான்.

சின்னத்திரையிலும் இதுவே நடக்கிறது. 2022 முதல் சன் தொலைக்காட்சியில் வந்த 'எதிர்நீச்சல்' தொடரை நம் பங்கில் பார்க்காத வீடு குறைவு. படித்த மருமகள்களை அடக்கி ஆளும் ஆதி குணசேகரன் என்ற மூத்தவராக நடித்தவர் இயக்குநரும் நடிகருமான மாரிமுத்து அவர்கள். 2023 செப்டம்பர் 8ஆம் நாள் அவர் திடீரெனக் காலமானபோது தமிழ்நாடே வருந்தியது. அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடுவோம். அவ்வளவு உயிரோட்டமான நடிப்பு. அந்தத் தொடர் பேசுவது பெண்களின் எதிர்நீச்சலை. குணசேகரனைப் போல இருக்காதீர்கள் என்பதுதான் அது ஆண்களுக்குச் சொல்லும் செய்தி. ஆனால் பெண்களை அதட்டிக் கூப்பிடும் அவருடைய அந்த ஒரு வசனத்தைப் பல வீடுகளில் கணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கைக்காகத்தான். வீட்டில் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். அப்போது உங்கள் மனைவியும் சிரித்தாரா என்று மட்டும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அவர் சிரிக்கவில்லை என்றால், அது அவருக்கு வேடிக்கையாக இல்லை என்று பொருள்.

அதே படம், வேறு கண்கள்

ஒரே படத்தை எல்லாரும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. 1992இல் வந்த 'தேவர் மகன்' படம் வன்முறையை விடுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்ற அறிவுரையோடு முடிகிறது. ஆனால் அதில் வரும் ஒரு பாடல் ஊர்த் திருவிழாக்களில் சாதிப் பாடலாக ஒலிபெருக்கியில் முழங்கியது. சொல்ல வந்த அறிவுரையை விட்டுவிட்டு, பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதே படத்தைப் பார்த்து உள்ளம் கலங்கிப்போன ஒரு சிறுவன் தென்மாவட்டத்தில் இருந்தான். அவர்தான் மாரி செல்வராஜ். அந்தப் படத்தில் வடிவேலு ஏற்ற இசக்கி என்ற வேலையாள் பாத்திரமே மாமன்னனாக உயர்ந்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணத்திலிருந்து தம் படம் பிறந்ததாக, 2023 ஜூன் மாதம் நடந்த பாடல் வெளியீட்டு விழாவில் அவரே சொன்னார். திரையரங்கில் நாம் எழுந்து ஆடும்போது, பக்கத்து இருக்கையில் ஒருவர் தலை குனிந்து உட்கார்ந்திருக்கலாம். அயலாரை அன்பு செய்வது என்பது அவர் கண்ணாலும் அந்தப் படத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான்.

இது வெறும் சினிமாப் பேச்சு என்று யாரும் ஒதுக்க வேண்டாம். ரத்தினவேல் துண்டுகள் பரவிக்கொண்டிருந்த அதே ஆகஸ்ட் மாதம் 9ஆம் நாள் இரவு, நெல்லை மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பட்டியலின மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் அவனோடு படித்த பிள்ளைகள். படம் பார்த்ததால் இது நடந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நேர்மையும் அல்ல. பள்ளிச் சீருடை அணிந்த பிள்ளைகளின் நெஞ்சில் இந்த அளவு நஞ்சு இருக்கிற ஒரு காலத்தில், சாதித் திமிரை வீரமாகக் காட்டும் ஒரு துண்டுக் காணொளி விளையாட்டுப் பொருள் ஆகாது என்றுதான் சொல்கிறேன். மாணவரிடையே சாதி வன்மத்தைத் தடுக்க வழி சொல்லும்படி தமிழக அரசு ஓய்வு பெற்ற நீதியரசர் சந்துரு அவர்கள் தலைமையில் 2023இல் ஒரு நபர் குழு அமைத்தது. 2021இல் வந்த 'ஜெய் பீம்' படத்தில் சூர்யா ஏற்ற வழக்கறிஞர் பாத்திரம் இவருடைய வாழ்விலிருந்து எடுத்ததுதான். 1993இல் கடலூர் மாவட்டத்தில் ஓர் ஏழையைக் காவல் நிலையத்தில் அடித்துக் கொன்ற வழக்கில் நீதிக்காக நின்றவர் அவர். திரையில் நாம் கண்ணீர் விட்டுப் பார்த்த கதையின் மனிதரே நம் பிள்ளைகளுக்காக வேலை செய்ய வேண்டிய நிலை வந்தது.

ஆலயத்தில் யார் நிற்கிறார்?

இதையெல்லாம் ஊரைப் பார்த்து மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. நாற்காலி விவகாரத்தை முதலில் எழுதியவர் திருத்தூதர் யாக்கோபு. தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் அவர் ஒரு காட்சியை வரைகிறார். தொழுகைக் கூடத்துக்குப் பொன் மோதிரம் அணிந்த ஒருவரும் அழுக்கு உடையில் ஓர் ஏழையும் வருகிறார்கள். முதல்வருக்கு நல்ல இருக்கை, ஏழைக்கு நிற்க இடம் அல்லது கால்மாட்டில் ஒரு மூலை. இப்படிச் செய்தால் நீங்கள் தீய எண்ணத்தோடு தீர்ப்பிடுபவர்கள் ஆகிவிட்டீர்கள் என்கிறார் யாக்கோபு. 'மாமன்னன்' படத்தின் மையக் காட்சியும் இதுவேதான்.

நம் இந்திய ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டது. தீண்டாமை திருஅவைக்குள் இல்லாத ஒன்றாக இருந்திருந்தால் அப்படி ஒரு கொள்கைக்குத் தேவையே இருந்திருக்காது. தமிழகத்தில் சாதிக்கொரு கல்லறைப் பகுதி வைத்த ஊர்களை நாம் அறிவோம். ஆகவே நம் பங்கிலும் கேட்டுப் பார்ப்போம். தேர் இழுக்க யாரைக் கூப்பிடுகிறோம், பந்தல் போட யாரை மட்டும் கூப்பிடுகிறோம்? அன்பியக் கூட்டம் எந்தத் தெரு வீடுகளில் நடக்கிறது, எந்தத் தெருவுக்குப் போவதே இல்லை? யார் வீட்டில் தேநீர் குடிக்கிறோம், யார் வீட்டில் 'இப்பத்தான் குடிச்சேன்' என்று நழுவுகிறோம்?

பார்த்த பின் நிற்கும் சுவை

அப்படியானால் படங்களை எப்படிப் பார்ப்பது? 1521ஆம் ஆண்டு மே மாதம், பாம்பலூனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுக்கையில் கிடந்தார் ஒரு ஸ்பானிய வீரர், லொயோலா இஞ்ஞாசியார். பொழுது போகப் படிக்க வீரதீரக் காதல் கதைகளைக் கேட்டார். அன்றைய சினிமா அதுதான். வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வாழ்வும் புனிதர்களின் வரலாறும்தான் கிடைத்தன. படுக்கையிலேயே இரண்டு வகைக் கற்பனையிலும் மாறி மாறி மூழ்கினார். போர் வீரனாகப் புகழ் பெறுவதாகக் கனவு கண்டபோது அந்த நேரம் இனித்தது, முடிந்த பின் உள்ளம் வறண்டது. புனிதர்களைப் போல வாழ்வதாக நினைத்தபோதும் இனித்தது, முடிந்த பின்னும் மகிழ்ச்சி தங்கியது. இந்த வேறுபாட்டைக் கவனித்ததில்தான் அவருடைய தெளிந்து தேர்தல் முறை பிறந்தது. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் பிறகுதான் தித்திப்பு தெரியும். படமும் அப்படித்தான். பார்க்கும்போது வரும் கிளர்ச்சியை வைத்து எடை போடாதீர்கள், பார்த்து முடித்த பின் நெஞ்சில் நிற்கும் சுவையைக் கவனியுங்கள்.

குடும்பமாக ஒரு படம் பார்த்தால், தொலைக்காட்சியை அணைத்த பின் பத்து நிமிடம் மூன்று கேள்விகளைப் பேசுங்கள். இந்தக் கதையில் அடி வாங்கியவர் யார், அவர் பெயர் நமக்கு நினைவிருக்கிறதா? யார் உட்கார்ந்தார், யார் நின்றுகொண்டே இருந்தார், அது நியாயமா? இதைப் பார்த்த பின் எனக்கு யாரைப் போல் ஆக ஆசை வருகிறது, அந்த ஆசையை ஆண்டவர் முன் தயங்காமல் சொல்ல முடியுமா?

பெற்றோரே, பிள்ளையின் கைப்பேசியில் சாதிப் பெருமைத் துண்டு ஒன்றைக் கண்டால் உடனே பிடுங்கி எறியாதீர்கள். "வா, முழுப் படத்தையும் சேர்ந்து பார்ப்போம்" என்று அழையுங்கள். வெட்டி எறியப்பட்ட பாதிக்கப்பட்டவரை மறுபடியும் அவன் கண்முன் கொண்டுவாருங்கள். நாத்தான் செய்ததும் அதுவே: ஆட்டுக்குட்டியை இழந்தவனை அரசரின் கண்முன் நிறுத்தினார். இளைஞர் இயக்கத்தினரே, வரும் மாதக் கூட்டத்தில் இந்தப் படத்தை முழுதாகத் திரையிட்டுப் பேசலாம். பெரியவர்களும் வரட்டும், எல்லாத் தெருவினரும் வரட்டும். நாற்காலிகளை வட்டமாகப் போடுவோம். முன்வரிசை என்று ஒன்று இருக்க வேண்டாம்.

தாழ்ந்தோரை உயர்த்தும் ஆண்டவரே, நாங்கள் காணும் ஒவ்வொரு கதையிலும் காயப்பட்டவர் பக்கம் நிற்கும் இதயத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் பிள்ளைகளின் கண்களையும் கைகளையும் காத்தருளும். உமது பந்தியில் எல்லாரும் ஒன்றாக அமரும் நாளை எங்கள் பங்கிலேயே தொடங்கி வைத்தருளும். ஆமென்.